டாக்டர் சீட் கிடைக்கலைன்னா பயோமெடிக்கலா?

நீட் ரிசல்ட் வந்த மறுவாரத்திலிருந்து எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு இன்னொரு வேலையும் வந்து சேரும். மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வருகிறவர் கையில் மருந்துச் சீட்டோடு மகனுடைய மார்க் ஷீட்டும் இருக்கும். "வைத்தியரய்யா, பையனுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது போலிருக்கு. பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்ல சேர்த்துடலாமா? அதுவும் பாதி டாக்டர் மாதிரிதானே?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் வருஷா வருஷம் இதே கேள்விதான்.

என் பதிலும் மாறுவதில்லை. பாதி டாக்டர் இல்லை, கால் டாக்டர்கூட இல்லை. அது முழு இன்ஜினீயர் படிப்பு. நோயாளியின் கையைப் பிடித்து மருந்து எழுதுகிற வேலை அதில் கிடையாது. மருந்து எழுதுகிறவர் நம்பி இருக்கும் கருவியை, செயற்கை உறுப்பை, கட்டுத் துணியை, தையல் ஊசியைச் செய்கிற வேலை. 'டாக்டர் ஆக முடியலையே' என்ற ஏக்கத்தோடு இதில் சேர்கிற பிள்ளை மூன்றாம் வருஷம் கணக்குப் பாடத்தில் தடுமாறும்போது, வீட்டில் யாருக்கும் காரணம் புரிவதில்லை.

சித்த மருத்துவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த புறமருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம் என்று தொடங்கி அறுவை, அக்கினி, காரம் வரை போகும். இதில் பாதிக்கு மேல் கருவி இல்லாமல் நடக்காது. எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியருக்கு, எங்கே இறுக்க வேண்டும், எங்கே ரத்த ஓட்டத்துக்கு இடம் விட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவரும் ஒரு வகையில் இந்தத் துறைக்காரர்தான்.

நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான். நாட்டின் பல மூலைகளுக்கும் இங்கிருந்து போகிறது. நான் சர்க்கரைப் புண்ணுக்கு மத்தன் தைலம் நனைத்து வைக்கிற துணியும் இந்த வட்டாரத்துத் தறியில் வந்ததாகத்தான் இருக்கும்.

இந்தத் துணியில் என்ன இன்ஜினீயரிங் என்கிறீர்களா? தறியிலிருந்து வந்த துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பஞ்சில் இயற்கையாக மெழுகு உண்டு. நூலுக்குக் கஞ்சி வேறு போட்டிருப்பார்கள். அதைக் காரம் போட்டு வேகவைத்து, வெளுத்து எடுத்தால்தான் துணி உறிஞ்சும். உறிஞ்சும் பஞ்சு தண்ணீரில் விட்ட 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்று மருந்து நூல்களில் சோதனையே எழுதி வைத்திருக்கிறார்கள். இனி அடுத்த கேள்வி: உறிஞ்சிக் காய்ந்த துணி புண்ணோடு ஒட்டிக்கொள்கிறதே, பிய்க்கும்போது புதுத் தோலும் சேர்ந்து வருகிறதே, என்ன செய்வது? இதற்குத்தான் கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் எல்லாம் வந்தன. கடல்பாசி மண்டபத்தில் இருக்கிறது, இறால் ஓடு தூத்துக்குடியில் குவிகிறது, தறி சத்திரப்பட்டியில் ஓடுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை நம் தெருவிலிருந்து வந்தால் என்ன? மேல்படிப்புக்குத் தலைப்பு தேடி அமெரிக்கா வரை மனசை ஓட்டுகிற மாணவர்கள், ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் ஏறிச் சத்திரப்பட்டி போய்விட்டு வரலாம். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மதுரை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போயின. அவர் என்ன செய்தார்? தன் விரலுக்குப் பொருந்தும்படி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண் அறுவைச் சிகிச்சை கற்றார். 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை எடுத்த கண்ணில் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலை நூறு டாலர் அளவில். ஏழைக்கு லென்ஸ் இல்லை, சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி அந்த லென்ஸைச் செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் பலர் இன்று பேப்பர் படிப்பது அதனால்தான்.

அந்த லென்ஸ் பிறந்த கதையும் சுவையானது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து, விமானிகளின் கண்ணில் பிளாஸ்டிக் துணுக்குகள் ஏறின. அந்தத் துணுக்கைக் கண் விரோதியாக நினைத்துச் சீழ் பிடிக்கவில்லை என்பதை லண்டன் டாக்டர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து 1949 நவம்பரில் ஒருவர் கண்ணில் வைத்தார். எந்தப் பொருளை உடம்பு ஏற்கும், எதைத் தள்ளும் என்பதுதான் 'பயோமெட்டீரியல்ஸ்' என்ற பாடத்தின் முழுக் கதை.

இந்த உதாரணங்களை மனதில் வைத்துக்கொண்டு, இளங்கலையில் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில், எந்தப் பிரிவு? மேல்படிப்பில் பயோமெடிக்கல் என்று முடிவு செய்துவிட்டால் இளங்கலையில் மெக்கானிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பயோமெடிக்கல் பி.இ.யில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வரும்: கொஞ்சம் சர்க்யூட், கொஞ்சம் உடற்கூறு, கொஞ்சம் மெக்கானிக்ஸ். விருந்து இலையில் எல்லாக் கறியும் ஒரு கரண்டி வைத்த மாதிரி. வயிறு நிறைய ஒன்றையாவது சாப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? ஏற்கெனவே பயோமெடிக்கலில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள் பயப்பட வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். செயற்கைக் கால் பிடிக்கிறதா, மெக்கானிக்ஸ். இ.சி.ஜி. பிடிக்கிறதா, சிக்னல். நம் பக்கத்திலேயே 1984-ல் தொடங்கிய கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் இருக்கிறது, 2013-ல் தொடங்கிய ராம்கோ இருக்கிறது. 'பெரிய காலேஜ் கிடைக்கலை, அதனால மேல்படிப்பு கிடைக்காது' என்று முதல் வருஷத்திலேயே மூலையில் உட்காரத் தேவையில்லை.

கணக்கு விஷயத்தில் மட்டும் சமாதானமே கிடையாது. ஏன் என்று ஒரே உதாரணம் சொல்கிறேன். இதயம் தரும் மின்சாரம் தோலின் மேல் அளந்தால் ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். அறையில் ஓடும் வீட்டு மின்சாரமோ விநாடிக்கு 50 முறை அதிர்ந்து கம்பிக்குள் நுழைந்துவிடும். அந்த 50-ஐ வெட்டி எறியலாமே என்றால், இதயத்தின் சொந்தச் சமிக்ஞையும் அந்த 50-க்குக் கீழும் மேலும் பரவிக் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் நோயின் அடையாளமும் சேர்ந்து போய்விடும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று சொல்வது ஃபூரியே கணக்கு. அது புரியாமல் 'பாஸ்' மட்டும் செய்தவர் கையில் இந்தக் கருவி வந்தால், பாதிக்கப்படுவது மார்வலியோடு படுத்திருக்கும் உங்கள் அப்பாவாக இருக்கலாம்.

அடுத்தது உடலியல். இன்ஜினீயரிங் பிள்ளைகள் இதை மனப்பாடப் பாடம் என்று ஒதுக்குகிறார்கள். தப்பு. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் படிக்கிற கைட்டன் புத்தகத்தை எடுத்து மெதுவாகப் படியுங்கள். நாங்களும் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியவர்கள்தான். எலும்பின் பெயரெல்லாம் வேண்டாம். ரத்தக் குழாயில் அழுத்தம் எப்படி, நரம்பில் மின்சாரம் எப்படி, சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்ற மூன்று புரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். சிக்னல் படிக்கிறவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த சுரேஷ் தேவசகாயம் எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. உடலியலையும் கணக்கையும் ஒரே நூலில் கோத்திருப்பார்.

வேலூர் என்றதும் டாக்டர் பால் பிராண்ட் ஞாபகம் வருகிறது. 1946-ல் அங்கே வந்த எலும்பு அறுவை நிபுணர். தொழுநோயாளிகளின் கால் அழுகுவது நோயால் மட்டும் இல்லை, வலி தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால்தான் என்று அவர் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு எல்லோரும் எழுதிக் கொடுக்கிறோமே, அதே செருப்பு! பெரிய மிஷின் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நோயாளி நடப்பதை உட்கார்ந்து பார்த்தவருக்குக் கிடைத்த விடை.

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லீவு விட்டதும் சான்றிதழுக்காக ஏதோ கம்பெனியில் ஒரு வாரம் நின்று கையெழுத்து வாங்குவதைவிட, ஓர் ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி ஒரு மாதம் பேசாமல் நின்று பாருங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் நான் பார்த்திருக்கிறேன், நல்ல மானிட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் நிற்கும். மிஷினில் கோளாறே இல்லை. விரலில் மாட்டும் கம்பி முறிந்து போய், மாற்றுக் கம்பி வரவில்லை. நர்ஸம்மாவைக் கேட்டால் இப்படி நாலு கதை சொல்லுவார். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தப் பட்டன் தவறி அழுந்துகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேல்படிப்பு விண்ணப்பத்தில் 'ஏன் இந்தத் துறை?' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். 'சிறு வயது முதலே மனித குலத்துக்குச் சேவை செய்ய...' என்று எழுதுகிற ஆயிரம் பேரில் அந்த நோட்டு வைத்திருப்பவர் தனியாகத் தெரிவார்.

இப்போது எனக்கு மனசுக்கு நெருக்கமான ஒரு விஷயம். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காக என்னிடம் வருகிற மாணவர்களில் பலர் கொண்டுவருவது 'நாடி பார்க்கும் மிஷின்'. மணிக்கட்டில் சென்சார் வைத்தால் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விளக்கு எரியும். "நீங்க ஒரு சர்டிபிகேட் மட்டும் கொடுங்க டாக்டர்" என்பார்கள். நான் கொடுப்பதில்லை. வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்று எங்கள் நூல்கள் நாடிக்கு மாத்திரை சொல்கின்றன. அது விரலால் உணர்ந்து சொன்ன அளவு. எத்தனை மில்லிமீட்டர், எத்தனை வோல்ட் என்று அதில் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, உன் மிஷின் சொல்றது சரின்னு எதை வெச்சு முடிவு பண்ணினே?" பதில் வராது.

ஒரே நோயாளியின் கையை இரண்டு வைத்தியர்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல், தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இப்படி நூறு கை. இருவரும் எத்தனை தடவை ஒரே பதில் சொன்னார்கள் என்று முதலில் எண்ண வேண்டும். வைத்தியர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் மிஷின் யாரிடம் பாடம் கற்கும்? எங்கள் துறைக்காரர்கள் சிலருக்கு இது கசக்கும். நிலவேம்புக் கஷாயம் மாதிரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். இந்த எண்ணிக்கையை மட்டும் ஒழுங்காகச் செய்து, 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் அது நல்ல ப்ராஜெக்ட். மூன்று விளக்கு எரிவது பொம்மை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் ஆர்ட்சென்ஸ் என்று ஒரு கருவி செய்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் வைத்துக் கழுத்து ரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கிறது. அதை மட்டும்தான் அளக்கிறேன் என்கிறது, ஜாதகம் சொல்வதில்லை.

'எதை வைத்து, யார்மேல் அளந்தாய்?' என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் இல்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதன் அடிப்படையைக் கண்டவர் ஜப்பான் இன்ஜினீயர் தகுவோ அவோயாகி, 1974-ல். அருமையான கருவி. ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை இந்தக் கருவி தவறவிடுவது வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று காட்டியது. ஒளி தோல் வழியாகப் போகிறது, தோலின் நிறம் குறுக்கே நிற்கிறது. நம் தோல் என்ன நிறம்? நம்மவர்களிடம் இந்த மீட்டர் எவ்வளவு தப்புகிறது என்று அளப்பது, நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.

தோல்வியையும் பதிவு செய்யக் கற்க வேண்டும். செங்கோட்டை தாண்டினால் கேரளம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு செயற்கை இதய வால்வு செய்ய இறங்கியபோது, முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லில் செய்த தட்டு சோதனை விலங்கின் உடலுக்குள்ளேயே உடைந்தது. இதயம் நாளுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது, வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை தடவையும் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். நான்காவது மாதிரியில் கெட்டி பிளாஸ்டிக் தட்டு வைத்தார்கள். 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. 2024-ல் காலமான வலியத்தான், அறுவைக் கத்தியை வைத்த பிறகு சரகர், சுசுருதர் நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர். அதனால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

மேல்படிப்புக்கு வழிகள் பல. 2020 முதல் கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. மூன்றாம் வருஷத்திலேயே எழுதிப் பார்க்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., ஸ்ரீசித்திரை மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். என் கண்ணுக்கு முதலிடம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி., ஹைதராபாத், பம்பாய், கரக்பூர் ஐ.ஐ.டி.களிலும் இடம் உண்டு. வெளிநாடு என்றால் ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய டிசம்பரிலேயே பல இடங்களில் விண்ணப்பம் மூடிவிடும். மூன்று பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். 'நல்ல பையன், ஒழுக்கமானவன்' என்ற கடிதத்துக்கு மதிப்பில்லை. இரண்டாம் வருஷத்திலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் போய் நின்று, சால்டரிங் அயர்ன் பிடித்து, நாலு சர்க்யூட்டைக் கெடுத்து, ஐந்தாவதைச் சரியாகச் செய்தால்தான் அவருக்கு எழுத விஷயம் இருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். என்பது பெரும்பாலும் கைக்காசு. பி.எச்டி. என்றால் பொதுவாகப் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று மாதச் செலவுக்கும் பணம் தரும், பி.இ. முடித்தவர்களை நேரடியாகவே எடுத்துக்கொள்கிற இடங்களும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்தவர்கள் என்னிடம் வருகிறார்கள், தூக்கம் வரவில்லை என்று. அதற்கு அமுக்கராச் சூரணம் கொடுத்து என்ன பிரயோஜனம்? போதாததற்கு 2025-ல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியை வெட்டியதால் சில பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. இடங்களையே குறைத்தன. ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பல்கலைக்கழகத்துக்கு உங்கள் பிள்ளையையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். 'இந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டா, எத்தனை வருஷத்துக்கு, போன வருஷம் எத்தனை பேருக்குக் கிடைத்தது?' இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு பேங்க்குக்குப் போங்கள். பதிலே வராத இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.